ஜெர்மனைத் தமிழ் வழியாகப் படித்தால் என்ன?

"மே ஊ ஏ தோங்க் ஓர்னிகார்?"

எனக்கு எழுபத்து நாலு வயசு. காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பது பத்து மணிக்குள் மறந்துவிடுகிறது. காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தபோது எங்கள் மெஸ்யே (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிடவேண்டும், 'சார்' என்றால் முறைப்பார்) பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லவைத்த இந்த வரி மட்டும் மறக்கவில்லை.

"ஓர்னிகார் எங்கேதான் போனான்?" என்று அர்த்தம் வரும். ஓர்னிகார் என்று உலகத்தில் ஒருவனும் கிடையாது. மே, ஊ, ஏ, தோங்க், ஓர், நி, கார் என்று பிரெஞ்சில் வாக்கியத்தையும் வாக்கியத்தையும் கோர்க்கிற ஏழு சொற்கள். நம் கணக்கில் ஆனால், அல்லது, உம், ஆகவே, நிற்க (கடிதத்தில் போடுவோமே, அந்த 'நிற்க' மாதிரி ஒன்று), அதுவுமில்லை இதுவுமில்லை, ஏனென்றால். பையன்கள் மனப்பாடம் செய்ய வசதியாக யாரோ ஒரு புண்ணியவான் ஆளின் பெயர் மாதிரி கோர்த்து வைத்திருக்கிறார்.

அப்பா காலமானதும் அம்மாவின் பிறந்த ஊரான இந்த அரியலூர்ப் பக்கம் வந்துவிட்டோம். தமிழில் தனியாகப் படித்துத் தேர்வு எழுதி, தேர்வாணையம் வழியாக இளநிலை உதவியாளர் ஆகி, உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், பெரம்பலூர், அரியலூர் என்று சுற்றி ஓய்வும் பெற்றாயிற்று. எல்லாமே ஒரே திருச்சி மாவட்டமாக இருந்த காலத்தில் சேர்ந்தவன் நான். இத்தனை வருஷத்தில் பிரெஞ்சு எனக்கு ஒருநாள்கூடச் சோறு போட்டதில்லை. ஓர்னிகாருக்கு வேலை வந்தது போன வருஷம்தான். அதுவும் பிரெஞ்சுக்காக இல்லை, ஜெர்மனுக்காக.

பக்கத்து வீட்டுப் பெண் பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தவள். அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். ஜெர்மனியில் செவிலியர் பற்றாக்குறை, நம் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே மொழிப் பயிற்சிக்கு அறிவிப்பு கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு இவளும் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அம்மாவின் சங்கிலி வங்கிக்குப் போயிற்று. முதலில் பி-1 என்ற நிலை தேற வேண்டும். பிறகு, அங்கே முழுச் செவிலியராக அங்கீகாரம் பெற பொதுவாக பி-2. பி-1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டும். மூன்றில் தேறிவிட்டாள். எழுதுவதில் போய்விட்டது.

ஒருநாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமாமே, கொஞ்சம் பாருங்களேன்."

"பாப்பா, பிரெஞ்சு வேற, ஜெர்மன் வேற."

"எல்லாம் வெள்ளைக்காரன் பாஷைதானே தாத்தா!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் திருத்திய பக்கமெல்லாம் சிவப்பு மை. உற்றுப் பார்த்தபோது ஒரே மாதிரி தப்புதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்தது. நாற்பது வருஷம் கோப்பு பார்த்த கண் அல்லவா, தப்பின் தினுசு சீக்கிரம் பிடிபட்டுவிடும். அவள் பாடப்புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் நானும் படித்தேன். எனக்கு ஜெர்மன் பேச வராது, உச்சரிப்பும் பிரெஞ்சு வாடை அடிக்கும். இலக்கணம் மட்டும் பிடிபட்டது.

ஜெர்மனில் 'ஏனென்றால்' என்பதற்கு 'வைல்' என்று ஒரு சொல். இவள் எழுதியிருந்தது: "வைல் இஷ் வில் ஆர்பைட்டன் இன் டொய்ச்லாண்ட்." சொல்லுக்குச் சொல் பார்த்தால், ஏனென்றால் - நான் - விரும்புகிறேன் - வேலைபார்க்க - ஜெர்மனியில். இங்கிலீஷில் இப்படித்தான் வரிசை. பிரெஞ்சிலும் இதே வரிசைதான். ஜெர்மனில் தப்பு. சரியானது: "வைல் இஷ் இன் டொய்ச்லாண்ட் ஆர்பைட்டன் வில்." ஏனென்றால் - நான் - ஜெர்மனியில் - வேலைபார்க்க - விரும்புகிறேன்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நண்பர்களே, இது தமிழ் வரிசை அல்லவா! 'நான் ஜெர்மனியில் வேலைபார்க்க விரும்புகிறேன்.' ஒரு சொல் இடம் மாறவில்லை.

இன்னொன்று: "வைல் இஷ் ஹீர் கெஆர்பைட்டட் ஹாப." 'நான் இங்கே வேலைபார்த்து இருக்கிறேன்.' இதிலும் அப்படியே. வேலைபார்த்து என்பது முன்னால், இருக்கிறேன் என்பது கடைசியில். சாதாரண வாக்கியத்தில் இரண்டு துண்டாகப் பிரிந்து, ஒரு துண்டு முன்னாலும் ஒரு துண்டு கடைசியிலுமாக நிற்கிற வினைச்சொல்கள் ஜெர்மனில் உண்டு. வைல் வந்துவிட்டால் அந்தத் துண்டுகள்கூடக் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கின்றன.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நாம் இணைப்பை வால் மாதிரி வினையின் கடைசியில் ஒட்டுகிறோம்: விரும்புவ'தால்', வரும்'போது', தூங்குகிறார் 'என்று'. அவர்கள் அந்த வாலை வெட்டி எடுத்து வாக்கியத்தின் தலையில் வைக்கிறார்கள். மற்றதெல்லாம் அப்படியப்படியே இருக்கிறது. ஆகவே பாப்பாவிடம் சொன்னேன்: முதலில் தமிழில் சொல்லு. 'நோயாளிக்குக் காய்ச்சல் இருப்பதால்.' இப்போது அந்த 'தால்' என்பதைக் கழற்று. அதைத் தலையில் 'வைல்' என்று வை. பாக்கியை ஜெர்மனில் வரிசை மாற்றாமல் சொல்லு. "வைல் டேர் பாட்ஸியென்ட் ஃபீபர் ஹாட்." சரியாக வந்தது. 'நோயாளி தூங்குகிறார் என்று நினைக்கிறேன்' என்பதில் உள்ள 'என்று' அங்கே 'டஸ்' ஆகித் தலைக்குப் போகும், தூங்குகிறார் கடைசியில் நிற்கும். 'இருந்தாலும்' என்பதற்கு 'ஓப்வோல்'. 'ஆகும்படி' என்பதற்கு 'டாமிட்'. எல்லாம் ஒரே வித்தைதான்.

அவள் கேட்டாள்: "கிளாஸ்ல இப்படிச் சொல்லவே இல்லையே தாத்தா? 'வெர்ப் கோஸ் டு தி எண்ட், வெர்ப் கோஸ் டு தி எண்ட்'னு போர்டுல எழுதிப் போடுவாங்க. நான் முதல்ல இங்கிலீஷ்ல யோசிச்சு, அப்புறம் வெர்பைத் தூக்கிக் கடைசியில வைப்பேன். பரீட்சை அவசரத்துல மறந்துடும்."

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தமிழ்ப் பெண், தமிழ்நாட்டில் வகுப்பு. கூடப் படித்தவர்கள் எல்லாரும் தமிழர்கள், சொல்லிக்கொடுத்தவரும் தமிழர். எல்லாரும் பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில் வைத்தே பேசுகிறவர்கள். அவர்களிடம் போய், 'முதலில் இங்கிலீஷ்காரன் மாதிரி யோசி, பிறகு இங்கிலீஷ்காரன் படுகிற கஷ்டத்தையும் நீ படு' என்கிறோம். பக்கத்துத் தெருவுக்குப் போக பஸ் ஏறித் திருச்சி போய்த் திரும்பி வருகிற கதை. வகுப்பில் தமிழில் பேசினால் அபராதமாம். ஜெர்மன் பேசிப் பழகத்தான் அந்த விதி என்றால் சரி, ஒத்துக்கொள்வேன். ஆனால் தமிழுக்கு அபராதம் போட்டுவிட்டு இங்கிலீஷில் விளக்கம் சொன்னால் அது என்ன நியாயம்?

மார்க் ட்வெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1880இல் ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். வாக்கியம் போய்க்கொண்டே இருக்கிறது, வினை எங்கோ கடைசியில் வருகிறது என்பது அவர் வைக்கும் புகார்களில் ஒன்று. அவருக்கு அது புகார். நமக்கென்ன? தாலுகா ஆபீஸ் செயல்முறை ஆணையைப் படித்தவனுக்கு ஜெர்மன் வாக்கியம் ஜுஜுபி. 'பார்வையில் காணும் மனுவில் மனுதாரர் கோரியுள்ளவாறு, கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை மற்றும் வருவாய் ஆய்வாளரின் பரிந்துரையினைக் கவனமுடன் பரிசீலனை செய்ததில், விதிகளில் இடமில்லை என்பதால், மேற்படி மனு' என்று அரைப் பக்கம் ஓடும். அனுமதிக்கப்படுகிறதா நிராகரிக்கப்படுகிறதா என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கும். அனுபவப்பட்ட மனுதாரர்கள் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் தயாரித்த வரைவுகளை எல்லாம் ஒரு ஜெர்மானியர் படித்தால் 'நம்ம ஆள்' என்று கட்டிப்பிடித்திருப்பார்.

(மேலே 'மற்றும்' என்று எழுதினேன் பாருங்கள். அறிக்கையையும் பரிந்துரையையும் என்று இரண்டு 'உம்' போட்டால் போதும். இங்கிலீஷ் 'அண்ட்' என்பதற்கு ஈடாக ஆபீஸில் இந்த 'மற்றும்' புகுந்துகொண்டது. பல ஆயிரம் 'மற்றும்' எழுதிய பாவத்தில் எனக்கும் பங்குண்டு.)

இங்கிலீஷ் குறுக்கே நின்று கெடுப்பது இந்த ஒரு இடத்தில் மட்டுமில்லை. 'இஃப்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'அவர் வந்தால்' என்பதற்கும் இஃப். 'அவர் வந்தாரா என்று தெரியவில்லை' என்பதற்கும் இஃப். பிரெஞ்சிலும் இரண்டுக்கும் 'ஸி'தான். ஜெர்மனில் முதலாவது 'வென்', இரண்டாவது 'ஓப்'. இங்கிலீஷ் வழியாகப் போகிற பிள்ளை இரண்டிலும் வென் போட்டு மாட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு வழியாகப் போன நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் மாட்டினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். தமிழ் வழியாகப் போனால் குழப்பமே இல்லை. 'வந்தால்' மாதிரி வந்தால் வென், 'ஆ என்று' வந்தால் ஓப். 'நோயாளி சாப்பிட்டிருக்கிறாரா என்று தெரியவில்லை' என்று வார்டில் சொல்ல வேண்டியவள், 'நோயாளி சாப்பிட்டால்' என்று உளறி வைத்தால் நன்றாகவா இருக்கும்?

அடுத்தது 'வென்', 'இங்கிலீஷ் வென்'. உச்சரிப்பு ஒன்றுபோல இருப்பதால் வேறு குழப்பம். சின்ன வயதில் காரைக்காலில் 'இருந்தபோது' என்று முடிந்துபோன ஒரு காலத்தைச் சொன்னால் ஜெர்மனில் 'அல்ஸ்'. தரங்கம்பாடிக்குப் 'போனபோதெல்லாம்' என்று பலமுறை நடந்ததைச் சொன்னால் 'வென்'. நம்மிடம் 'போது', 'போதெல்லாம்' என்று வித்தியாசம் தயாராக இருக்கிறது. (நடப்பிலும் வருங்காலத்திலும் ஒருதரம் நடப்பதற்கும் வென்தான். 'டாக்டர் வரும்போது' என்றால் வென். இதைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.)

'ஆனால்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அங்கே 'ஆபர்' என்றும் 'ஸோண்டர்ன்' என்றும் இரண்டு. இங்கிலீஷில் இரண்டுக்கும் 'பட்', பிரெஞ்சில் இரண்டுக்கும் ஓர்னிகாரின் முதல் எழுத்தான 'மே'. ஸோண்டர்ன் எப்போது வரும் என்றால், முதலில் சொன்னதை இல்லை என்று தள்ளிவிட்டு அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும்போது. 'எனக்கு டீ வேண்டாம், காபி கொடுங்கள்.' இந்த இடத்தில் நாம் 'ஆனால்' போடுவோமா? 'டீ வேண்டாம், ஆனால் காபி' என்றால் காதுக்கே ஒட்டவில்லை. பாப்பாவுக்கு நான் சொன்ன சோதனை இதுதான்: தமிழில் 'ஆனால்' பொருந்தினால் ஆபர், ஒட்டாமல் உதறினால் ஸோண்டர்ன். இந்தப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கியிருப்பது நம் காதுக்கு அரை நிமிஷத்தில் பிடிபடுகிறது.

எல்லாவற்றிலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். ஜெர்மனின் தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அங்கே நம் பழக்கம் உதவாது. அந்த வாக்கியங்களைக் கோர்க்கிற ஆபர், டென், உண்ட், ஸோண்டர்ன், ஓடர் ஆகிய ஐந்தும் வினையைத் தொந்தரவு செய்வதில்லை. முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆடுஸோ' என்று அவர்களும் ஒரு ஓர்னிகாரை வைத்திருக்கிறார்கள். 'டென்' என்றாலும் ஏனென்றால்தான், வினையை நகர்த்தவேண்டாம். அதனால் பிள்ளைகள் வைலுக்குப் பயந்து எல்லா இடத்திலும் டென் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் பேச்சில் அதிகம் புழங்குவது வைல்தான். 'ஆகவே' என்பதற்கான 'டெஸ்ஹால்ப்' வந்தால் உடனே வினை, அதற்குப் பிறகுதான் 'நான்'. இதைப் பழகித்தான் ஆகவேண்டும், குறுக்குவழி கிடையாது.

வைல் வாக்கியம் முன்னால் வந்துவிட்டால் இன்னொரு வேடிக்கை. "வைல் இஷ் ஃபீபர் ஹாப, கொம்ம இஷ் நிஷ்ட்." நடுவில் இரண்டு வினையும் முட்டிக்கொண்டு நிற்கும். பாப்பாவுக்கு இது வரவே இல்லை. கடைசியில் அவள் அம்மாதான் தீர்த்துவைத்தார். வாசலில் நின்று யாருடனோ போனில், "காய்ச்சல் அடிக்குதுன்னு வரல நான்" என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடிக்குது, வரல, நான்! அதே முட்டல்தான்.

இதை எல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டு தெரியாத மொழிக்குப் போவது என்பது இந்த மண்ணிலேயே முந்நூறு வருஷமாக நடந்த காரியம். காரைக்காலுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி. 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியர் அங்கே வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார். தம் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. அதை எந்த மொழியில் எழுதினார்? லத்தீனில். ஏனென்றால் படிக்க வருகிற பாதிரிமார்களுக்கு நன்றாகத் தெரிந்த படிப்பு மொழி அதுதான்.

நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலைக் கட்டி வாழ்ந்த வீரமாமுனிவரும் அதைத்தான் செய்தார். இத்தாலிக்காரர். பேச்சுத் தமிழுக்கு, அவர் சொன்ன கொடுந்தமிழுக்கு, லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738இல் அச்சானது எங்கே தெரியுமா? தரங்கம்பாடியில், அந்த ஜெர்மன் லுத்தரன் பாதிரிமார்களின் அச்சகத்தில்! இவர் கத்தோலிக்கர், அவர்களைக் கண்டித்து வேத விளக்கம் என்று புத்தகமே எழுதியவர். மதத்தில் அவ்வளவு சண்டை இருந்தும், இலக்கணப் புத்தகம் நன்றாக இருக்கிறது, நம் ஆட்களுக்கு உதவும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையை நினைத்து ஏலாக்குறிச்சிக்குப் போகும்போதெல்லாம் (வென்!) எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1983க்குப் பிறகு ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அகதிகளாகப் போன ஈழத்துத் தமிழர்களில் பலருக்கு இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. ஹோட்டல் அடுப்படியிலும் தொழிற்சாலையிலும் நின்றுகொண்டே ஜெர்மன் படித்தார்கள். நடுவில் இங்கிலீஷ் என்ற தரகர் இல்லாமலேயே காரியம் நடந்திருக்கிறது.

வகுப்பில் மலையாளி இருப்பார், தெலுங்குக்காரர் இருப்பார், அதனால் இங்கிலீஷ் பொதுவாக இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, மலையாளத்திலும் தெலுங்கிலும் வினை எங்கே இருக்கிறது? கடைசியில்தானே! இங்கிலீஷில் விளக்கினாலும், 'உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி வினையைக் கடைசியில் வையுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்ல என்ன தடை? எனக்குத் தெரிந்து கடைகளில் கிடைப்பதெல்லாம் முப்பது நாளில் ஜெர்மன் வகைப் புத்தகம். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் பெயர்த்தது. தமிழ்க் காதை நம்பி எழுதிய ஒரு ஜெர்மன் இலக்கணம் என் கண்ணில் படவில்லை. செவிலியர்களை இத்தனை பேராக அனுப்பப் பார்க்கிற அரசு, இரண்டு நல்ல ஆசிரியர்களை உட்காரவைத்து நூறு பக்கத்தில் அப்படி ஒன்று எழுதவைக்கலாம். சங்கிலியை அடகு வைத்த குடும்பத்துக்கு ஒரு தேர்வுக் கட்டணமாவது மிஞ்சும்.

பாப்பா எழுத்துப் பகுதியை மட்டும் திரும்ப எழுதினாள். எழுபத்து ஒன்று. சங்கிலி இன்னும் வங்கியில்தான் இருக்கிறது, பி-2 முடிந்தால்தான் மற்றது. நேற்று திருச்சியிலிருந்து போன் செய்தாள்.

"தாத்தா, 'யே... டெஸ்டோ...'ன்னு ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு பாதியா வருது."

"எவ்வளவுக்கு எவ்வளவு, அவ்வளவுக்கு அவ்வளவு. எவ்வளவு சீக்கிரம் வர்றியோ, அவ்வளவு நல்லது. முதல் பாதியில வினை கடைசியில போகும்."

"ரெண்டாவது பாதியில?"

"புத்தகத்தைப் பார்த்துச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வா."

இன்றைக்கு வியாழன். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, படிக்க வேண்டும்.